சத்தம் கொச்சைச் சொல்லா?

தமிழ் வகுப்பறையில் நெடுங்காலமாகத் தண்டனை பெற்றுவரும் சொற்களுள் ஒன்று 'சத்தம்'. மாணவன் கட்டுரையில் 'அருவியின் சத்தம் கேட்டது' என்று எழுதுகிறான். ஓர் ஆசிரியர் அதைச் சுழித்துவிட்டுச் 'சப்தம்' என்று திருத்துகிறார். சத்தம் என்பது அதன் கொச்சை என்பது அவர் கருத்து. மற்றோர் ஆசிரியர் அதே சொல்லைச் சுழித்து 'ஒலி' என்று எழுதுகிறார். சத்தம் வடசொல், விலக்கத்தக்கது என்பது அவர் கருத்து. முன்னவர்க்கு அது போதிய அளவு வடமொழியாக இல்லை. பின்னவர்க்கு அது போதிய அளவு தமிழாக இல்லை. இருபுறமும் அடிபட்ட மாணவன், தன் வீட்டில் பேசும் மொழியே பிழையானது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கூச்சத்தை நாம் பலகாலம் கண்டிருக்கிறோம். வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் பேனாவை எடுத்ததும் ஊமையாகிவிடுகிறார்கள்.

சத்தம் எவ்வழியாகத் தமிழுக்கு வந்தது, வந்தபின் தாமிரபரணிக் கரையில் என்னென்ன வேலை பார்க்கிறது என்பவற்றைச் சற்றுப் பொறுமையாக ஆராய்ந்தால், அந்த இரண்டு திருத்தங்களும் தேவையற்றவை என்பது புலப்படும். பிறப்பைப் பேசுமுன் வழக்கைப் பார்த்துவிடுவோம்.

நெல்லைப் பேச்சில் சத்தம் என்னும் சொல் பெரும்பாலும் ஒரு வினையைத் துணைக்கொண்டே நடக்கிறது. அவ்வினைகளுள் மூன்று நம் கவனத்துக்குரியவை: போடுதல், காட்டுதல், கொடுத்தல்.

'அப்பா சத்தம் போடுவாவ' என்று ஒரு பிள்ளை சொன்னால், அப்பா கண்டிப்பார் என்பதே பொருள். ஆசிரியர் மாணவனைச் சத்தம் போடுவார். முதலாளி வேலையாளைச் சத்தம் போடுவார். மாமியார் மருமகளைச் சத்தம் போடுவார். 'மருமகள் மாமியாரைச் சத்தம் போட்டாள்' என்றால் கேட்பவர் புருவம் உயரும். இலக்கண நோக்கிலும் இத்தொடர் சுவையானது. 'சத்தம் போட்டான்' என்று வாளா நின்றால் ஒலியெழுப்பினான் என்பது பொருள். 'அவனைச் சத்தம் போட்டான்' என இரண்டாம் வேற்றுமை ஏற்ற ஒரு பெயர் முன்னே வந்ததும் கண்டித்தான் என்னும் பொருள் வந்துவிடுகிறது. 'சத்தம்' தானே செயப்படுபொருளாக இருக்க, மற்றொரு செயப்படுபொருளையும் இத்தொடர் ஏற்கிறதென்றால், பெயரும் வினையும் உருகி ஒரே வினையாகிவிட்டன என்றுதானே கொள்ளவேண்டும்?

அடுத்தது காட்டுதல். 'ஏல, சத்தங் காட்டாத!' என்பது இப்பகுதியில் பிறந்த எவர் காதிலும் ஆயிரம் முறையாவது விழுந்திருக்கும். காட்டுதல் கண்ணுக்குரிய வினை, ஒலியோ செவிக்குரியது. ஒலியை எப்படிக் காட்டுவது? இங்கே சத்தம் என்பது ஒருவர் அவ்விடத்தில் இருக்கிறார் என்பதற்கான அடையாளம். அதை வெளிப்படுத்தாதே, இருப்பதாகவே தெரியாமல் இரு என்பதுதான் கட்டளை. 'மூச்சுக் காட்டாதே' என்பதும் இவ்வகையினதே. இத்தொடர் பெரும்பாலும் எதிர்மறையிலேயே வழங்குவதையும் நோக்கவேண்டும். சத்தம் காட்டு என்று யாரும் யாரையும் ஏவக் கேட்டதில்லை. இது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பது இன்னும் முக்கியமானது. சிறுவரிடம் சொல்லப்படுகிறது. பெண்பிள்ளைகளிடம், 'ஏட்டி, சத்தங் காட்டாம உள்ள போ' என்று சொல்லப்படுகிறது. களத்தில் அளந்த நெற்கூலி குறைகிறதே என்று முணுமுணுத்த வேலையாளிடம், 'குடுத்தத வாங்கிட்டுச் சத்தங் காட்டாமப் போ' என்று சொல்லப்பட்ட காலமும் இந்த ஆற்றங்கரையில் இருந்தது.

கொடுத்தல் இவற்றினின்றும் வேறுபட்டது. 'வாரதுக்கு முந்தி ஒரு சத்தங் குடுங்க அண்ணாச்சி' என்று ஒருவர் சொல்கிறார். அழைத்து அறிவியுங்கள் என்பது பொருள். கைபேசியில் அழைப்பதும் இன்று அதில் அடக்கம். பரம்படிப்பவர்களும், பாரம் தூக்குகிறவர்களும், மரமேறியவரும் கீழே நிற்பவரும் ஒருவர்க்கொருவர் சத்தம் கொடுத்துக்கொள்வார்கள்.

ஆக, மேலிருப்பவர் சத்தம் போடுகிறார். கீழிருப்பவர் சத்தம் காட்டக்கூடாது. ஒத்தவர்கள் சத்தம் கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு சொல்லும் மூன்று வினைகளும் ஓர் ஊரின் மேல்கீழ் அமைப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டிவிடுகின்றன. இம்மூன்று இடங்களிலும் 'ஒலி' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'அப்பா ஒலி போடுவார்' என்றால் சிரிப்புத்தான் வரும். 'சப்தம்' என்றாலும் இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டாது. இங்கே வளர்ந்த தொடர்கள் யாவும் சத்தத்தைப் பற்றியே வளர்ந்தவை.

பொதிகை மலையை விட்டு ஆறு சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தை ஒட்டி அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். ஒலிக்குச் சொற்பஞ்சம் வரக்கூடிய இடமன்று. ஆற்றில் வெள்ளம் வந்தால் 'இரைச்சல்' கேட்கும். பிள்ளைகள் கூடிக் கூச்சலிட்டால் 'சலம்பல்'. திருவிழாத் தெருவில் 'சந்தடி'. வீட்டுக்குள் யாரும் அசையும் குறிப்பே இல்லையென்றால் 'ஓர் அனக்கமும் இல்லை' என்பார்கள். தெற்கே குமரிப் பகுதியிலும் மலைக்கு மேற்கே மலையாளத்திலும் இச்சொல் உண்டு. அகாலத்தில் தெரு வெறிச்சோடினால் 'ஆள் அரவம் இல்லை'.

இவற்றுள் 'அரவம்' சற்று நின்று பார்க்கவேண்டிய சொல். தொல்காப்பிய உரியியல், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கு சொற்களுக்கும் அரவம் என்று பொருள் சொல்கிறது. உரியியலின் முறை என்னவென்று அந்நூலே தெரிவிக்கிறது: எல்லார்க்கும் விளங்கும் சொல்லை அது விளக்குவதில்லை, விளங்காத சொல்லை விளங்கும் சொல்லால் விளக்குகிறது. அப்படியானால் அன்றைய மாணவனுக்குச் சொன்னவுடன் விளங்கிய சொல் அரவம். இன்று சத்தம் வகிக்கும் இடத்தை அன்று அரவம் வகித்தது என்று கொள்வதில் தவறில்லை. அந்த அரவத்தையே 'ரவ' என்னும் வடசொல்லோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவ்வழக்கில் நாம் இப்போது நுழையவேண்டியதில்லை. நான்கு சொற்களில் கம்பலையும் சும்மையும் இப்பொருளில் இன்று ஏட்டுச் சொற்கள். அரவமோ 'ஆள்' என்ற ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இன்றும் நம் தெருவில் நடமாடுகிறது. முன்பு பொதுச் சொல்லாய் இருந்தது இன்று ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது. அதன் இடத்துக்குச் சத்தம் வந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது?

அகராதியைப் புரட்டினால் வடமொழிச் 'சப்த' என்பதை மூலமாகக் காணலாம். மூலம் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலம் வேறு, வழி வேறு. வடமொழியில் இச்சொல்லின் நடுவே பகரமும் தகரமும் மெலிந்த ஒலியுடன் அடுத்தடுத்து நிற்கின்றன. பாலியிலும் பிராகிருதங்களிலும் இவ்வாறு இரு வேறு மெய்கள் நெருங்கி நிற்பது பொதுவாக நிகழாது. முன்னது பின்னதன் வடிவை ஏற்றுவிடும். ஆகவே அங்கே 'சத்த' என்று, இரட்டைத் தகரம் மெலிந்து ஒலிக்க, அச்சொல் வழங்கியது. பர்மாவின் பகான் நகரத்தில் 1154இல் அக்கவம்சர் இயற்றிய பெரிய பாலி இலக்கணத்தின் பெயரே 'சத்தநீதி'. சிங்களத்தில் பேச்சுவழக்கில் ஒலிக்குச் 'சத்தய' என்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சத்து' என, மெலிந்த தகரத்துடன், இன்றும் அன்றாடச் சொல்லாக இருக்கிறது. இத்தனை மொழிகளிலும் மக்கள் வாயில் வாழ்வது பிராகிருத வடிவத்தின் வழி வந்த சொல். தமிழின் சத்தமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் இரட்டித்த தகரம் வன்மையாகவே ஒலிக்கும் என்பதால், மெலிந்த ஒலி நம்மிடம் வலிந்துவிட்டது. அவ்வளவே வேறுபாடு.

இதனால் ஒரு வேடிக்கையும் விளைந்தது. ஏழைக் குறிக்கும் வடசொல் வேறு. அதன் பிராகிருத வடிவில் இரட்டைத் தகரம் வன்மையாகவே ஒலிக்கும். அங்கே இரண்டும் தனித்தனிச் சொற்கள். தமிழில் இரண்டும் 'சத்த' என்றாகிவிட்டன. சத்தமாதர் என்றால் எழுவராகிய அன்னையர். சத்தம் போடும் மாதர் என்று ஒரு மாணவர் விடையெழுதினால் அவரை நாம் முழுதும் குற்றம் சொல்ல முடியாது.

ஒருவர் இங்கே தடை எழுப்பலாம். பிராகிருதம் இடையில் வராமலே, தமிழர்களே வடமொழிச் சப்தத்தைச் சத்தம் என்று ஆக்கிக்கொண்டிருக்கலாகாதா? நியாயமான தடைதான். தமிழ் மெய்ம்மயக்க விதிப்படி க, ச, த, ப என்னும் நான்கு மெய்களும் தம்மோடு தாமே மயங்கும். பிற மெய்களோடு மயங்கா. தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இவ்விதி உண்டு. பக்கம், அச்சம், பத்து, அப்பம் என வரலாமே ஒழிய, 'ப்த' என்பது தமிழில் நிற்காது. அதனால் சக்தி சத்தியாயிற்று, பக்தி பத்தியாயிற்று, முக்தி முத்தியாயிற்று. இவ்விதியே சப்தத்தையும் சத்தமாக்கியிருக்கலாம் என்றால், இச்சொல் ஒன்றை மட்டும் தனியே வைத்துக்கொண்டு அதை மறுக்க இயலாது. ஆனால் தமிழ் பிராகிருதத்தின் வாயிலாகச் சொற்களைப் பெற்றதற்குச் சான்றுகள் வேறு உள்ளன. அவற்றுக்காக நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை.

விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய தலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பலகைகளில் 'பாபநாசம்' என்று இருக்கிறது. ஊரார் வாயில் 'பாவநாசம்' என்று வருகிறது. பாவம் என்பது பாபத்தின் கொச்சை என்று எண்ணுவோர் ஒன்றைக் கருதவேண்டும். பாபம் என்று எழுதுவதற்கோ ஒலிப்பதற்கோ தமிழ் விதி எதுவும் தடையில்லை. தடையில்லாதபோது பகரம் ஏன் வகரமாகவேண்டும்? சமணர் பயின்ற பிராகிருதத்தில் அச்சொல்லின் வடிவம் 'பாவ' என்பது. அங்கிருந்து வந்த சொல்லைத் தமிழ் அப்படியே ஏற்றது. 'பாவம்' இல்லாமல் இன்று தமிழில் ஒரு நாளைக் கழிக்க முடியுமா? இரக்கப்படுவதற்குக்கூட அச்சொல்தான் வேண்டியிருக்கிறது.

இசக்கியம்மன் மற்றொரு சான்று. நெல்லைச் சீமையில் இசக்கி என்ற பெயர் இல்லாத தெரு அரிது. வடமொழியின் யக்ஷி, பிராகிருதத்தில் யக்கி, தமிழில் இயக்கி, மக்கள் வாயில் இசக்கி. இசக்கிமுத்து என்பவரை அழைத்து, உம் பெயர் கொச்சை, யக்ஷிமுத்து என்று மாற்றிக்கொள்ளும் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள மறுகால்தலைக் குன்றின் குகைத்தளத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே கல்லில் படுக்கை அமைத்துத் தந்தவன் பெயர் காசிபன் என்றிருக்கிறது. காசியபன் என்பதன் யகரம் கரைந்த, பிராகிருதச் சாயலுள்ள வடிவம் அது. ஆற்றங்கரைக்குப் பிராகிருதம் பேசத் தெரிந்தவர்களோ, அவர்களோடு பழகியவர்களோ அவ்வளவு பழங்காலத்திலேயே வந்துவிட்டார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி.

எல்லா வடசொற்களும் இவ்வழியே வரவில்லை. சத்தியம் என்பதைப் பாருங்கள். பாலியில் அது 'சச்ச'. அவ்வழியே வந்திருந்தால் நாம் இன்று சச்சம் செய்து கொடுத்துக்கொண்டிருப்போம். அச்சொல் வடமொழியிலிருந்து நேரே, ஓர் இகரத்தை ஏற்று வந்தது. தமிழுக்கு வாயில்கள் பல. ஒவ்வொரு சொல்லும் எந்த வாயிலில் நுழைந்தது என்பதை அதன் உடையைப் பார்த்துக் கூறலாம். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் தமிழில் கலந்த வடசொற்களை இவ்வாறே கால அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் வாழ்ந்த இடையன்குடியும் பழைய நெல்லைச் சீமையைச் சேர்ந்ததே. மிக மாறிய வடிவங்களே மிகப் பழமையானவை என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று.

பிராகிருத வழியே வந்ததென்று கொண்டாலும், தமிழ் விதி திருத்தியதென்று கொண்டாலும், முடிவு ஒன்றே. சத்தம் என்னும் வடிவம் தமிழ் இலக்கணத்துக்கு முழுதும் உடன்பாடானது, உடன்பாடில்லாதது சப்தம்தான். வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தியதே தமிழில் வழங்கத்தக்க வடசொல் என்றும், சிதைந்து வந்தாலும் பொருந்தியதை விலக்குவதில்லை என்றும் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. அவ்விதிப்படி பார்த்தால் முதலாம் ஆசிரியர் திருத்தியது பிழையை நோக்கித் திருத்தியது ஆகும்.

சத்தம் என்றும் தெருவிலேயே கிடந்த சொல்லன்று. அறிஞர் அவையில் அது நெடுநாள் உயர்ந்த இருக்கையில் இருந்தது. இதைச் சொல்லும்போது விக்கிரமசிங்கபுரத்தின் பெருமகனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவஞான மாபாடியம் இயற்றிய மாதவச் சிவஞான முனிவர் பிறந்தது இவ்வூரில். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து வாழ்ந்து 1785இல் மறைந்தார். வடமொழியும் தமிழும் ஒருசேரக் கைவந்தவர். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய 'தருக்க சங்கிரகம்' என்னும் அளவை நூலையும் அதன் விளக்கமாகிய தீபிகையையும் தமிழாக்கியவர் இவரே.

ஒலி என்றால் என்ன என்ற கேள்விக்கு அன்னம்பட்டரின் நூலில் தெளிவான விடை உண்டு. செவியால் அறியப்படும் குணம் சத்தம். அது ஆகாயத்தின் குணம். அது இருவகை: முரசு முதலியவற்றில் எழும் வெற்றொலி ஒன்று; எழுத்து வடிவாய் மொழியாகி வருவது மற்றொன்று. அந்நூலே வேறோரிடத்தில் அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளுள் ஒன்றற்கும் இப்பெயரை இடுகிறது. அங்கே சத்தம் என்பது நம்பத்தக்க ஒருவரின் உரை. பறையின் முழக்கமும் சத்தம். சான்றோன் வாய்ச்சொல்லும் சத்தம். தமிழிலும் இச்சொல் இவ்வளவு அகலமாகவே வழங்கியது. இலக்கண நூலைச் 'சத்த நூல்' என்று சொல்லும் வழக்கு இருந்தது. சைவ சித்தாந்த நூல்கள் தன்மாத்திரைகளை எண்ணும்போது சத்தம், பரிசம், உருவம், இரதம், கந்தம் என்கின்றன. 27ஆம் குறள் இவ்வைந்தையும் எண்ணுமிடத்தில் செவிக்குரியதற்கு ஓசை என்னும் சொல்லையே கொண்டது. ஓசை கையிலிருந்தும் சித்தாந்திகள் சத்தத்தைக் கைக்கொண்டது சாத்திரக் குறியீட்டைக் காக்கவேண்டி. ஆயினும் அந்த ஐந்தும் எப்படி உடுத்திக்கொண்டு வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஸ்பரிசம் என்னாமல் பரிசம், ரசம் என்னாமல் இரதம், சப்தம் என்னாமல் சத்தம். சாத்திரத்திலும் தமிழுடை கலையவில்லை.

சித்தாந்தம் வாக்கை நான்காகப் பகுக்கிறது: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. வைகரி என்பது பிறர் செவிக்குக் கேட்கும் சொல். மத்திமை, சொல் உருவாகிவிட்ட பின்னும் பிறர்க்குக் கேட்காமல் உள்ளேயே நிற்பது. பைசந்தியில் எழுத்துகள் பிரிந்து தோன்றா. மயில் முட்டையின் நீரில் தோகையின் நிறங்கள் யாவும் பிரியாமல் கிடப்பதைப் போன்றது என்று உவமை சொல்வார்கள். சூக்குமை அதற்கும் உள்ளே. 'சத்தங் காட்டாத' என்று அடக்கப்பட்டவர்களின் பேச்சு முழுதும் மத்திமையிலேயே நின்றுவிட்டது போலும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. சாத்திரம் இதற்காகச் செய்யப்பட்டதன்று என்பது தெரிந்தேதான் சொல்கிறோம்.

சிவஞான முனிவர் வடமொழிப் பற்றாளர் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் அவர் எழுதிய விருத்தியில், வினைத்தொகை போன்ற பல கூறுகள் வடமொழியில் காணப்படாமையைக் காட்டித் தமிழிலக்கணத்தின் தனித்தன்மையை நிறுவுகிறார். அவருடைய காஞ்சிப் புராணம் சிவபெருமான் வடமொழியைப் பாணினிக்கும், அதற்கு இணையாகத் தென்மொழியை அகத்தியருக்கும் அருளியதாகப் பாடுகிறது. அந்த அகத்தியர் பெயரில்தான் பாபநாசத்துக்கு மேலே அருவி விழுகிறது. இரு மொழியையும் ஒத்த தரத்தில் வைத்து மதித்த அத்தகையோர் காலத்தில், தமிழுடை உடுத்த வடசொல் யாருக்கும் கூச்சம் தரவில்லை.

கூச்சம் பிறகு வந்தது. கிரந்த எழுத்தைக் கலந்தெழுதிய மணிப்பிரவாள உரைகளில் சப்தம் என்னும் முழு வடிவம் முன்பே உண்டு. அது ஒரு வட்டத்துக்குள் இருந்தது. அச்சும் இதழ்களும் பெருகியபின் அவ்வடிவம் பொது உரைநடைக்கு வந்தது. 1930, 1940களின் கதைகளையும் இதழ்களையும் புரட்டினால் சப்தம் பரவலாகத் தென்படும். படித்தவர் எழுத்தில் சப்தம், படியாதவர் வாயில் சத்தம் என்ற பிரிவு ஏற்பட்டு, பழைய சொல் புதிய சொல்லின் சிதைவாகப் பார்க்கப்பட்டது. தந்தையை மகனின் சாயல் என்று சொல்வது போன்ற கூத்து இது. இதற்கிடையில் 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அவ்வியக்கம் தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. மணிப்பிரவாளச் சுமையிலிருந்து உரைநடையை மீட்டது அது. சப்தம் பின்வாங்கியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் சப்தத்தை விரட்டிய கையோடு சத்தத்தையும் விரட்ட முற்பட்டது மிகை என்பது நம் கருத்து. மேடையில் 'ஒலிபெருக்கி' நிலைத்துவிட்டது, மகிழ்ச்சியே. மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனவர் மகனைச் சத்தம்தான் போட்டார்.

புதிய ஒலிகள் வந்தபோது மக்கள் என்ன செய்தார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தார்கள். பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் என்ற பெயரால் அறியப்பட்டது அதுவே. ஆலை ஊர்களில் வேலைமுறை மாறுவதை அறிவிக்கும் நீண்ட ஒலிக்கு மக்கள் வைத்த பெயர் 'சங்கு'. 'மில் சங்கு ஊதியாச்சா?' என்பது கடிகாரம் இல்லாத வீடுகளில் நேரம் கேட்கும் முறை. கோயிலிலும் சாவு வீட்டிலும் ஊதிய சங்கு, நீராவிக்கும் மின்சாரத்துக்கும் பெயர் கொடுத்தது. பின்னர் ஆம்புலன்சு வந்தபோது அதற்குச் சங்கு பொருந்தவில்லை. 'சைரன்' என்றே சொல்கிறோம். எந்த ஒலிக்கு எந்தச் சொல் என்பதை மக்கள் தம் போக்கிலேயே தீர்மானித்துக்கொள்கிறார்கள்.

இறுதியாக ஒரு புதிர். நெல்லைச் சீமையில் முதியவர்கள் 'வண்டிச் சத்தம்' என்றால் வண்டி எழுப்பும் ஒலியைக் குறிக்கமாட்டார்கள். வண்டிக்குத் தரும் வாடகையைக் குறிப்பார்கள். 'நெல்லு வித்த காசு வண்டிச் சத்தத்துக்கே சரியாப் போச்சு' என்பது பழைய புலம்பல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை வரும்வரை இப்பள்ளத்தாக்கின் நெல்லும் பருத்தியும் மாட்டுவண்டியை நம்பியே சந்தைக்குப் போயின. ஆதலின் இச்சொல் மிகுதியும் புழங்கியிருக்கும். ஆரக்காலும் கடையாணியும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்ததால், அந்தச் சத்தத்துக்குக் கொடுத்த காசு வண்டிச் சத்தமாயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலிக்கும் கூலிக்கும் இடையே பொருட்பாலம் எதுவும் இல்லை. எண்ணெய் போட்டு ஓசையின்றி ஓடும் வண்டிக்குக் கூலி குறைந்ததாகவும் வரலாறில்லை. எழுத்தால் ஒத்து, பிறப்பால் வேறுபட்ட இரண்டு சொற்கள் இவை என்று கொள்வதே முறை. வண்டிகள் குறைந்து சிற்றுந்துகள் வந்துவிட்ட இந்நாளில், அந்த இரண்டாவது சத்தத்துக்கு 'வாடகை' என்றுதான் இளையவர்கள் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து முதியவர் எவரேனும் சரக்கேற்றிய வேனின் ஓட்டுநரைப் பார்த்து, 'சத்தம் எவ்வளவுப்பா?' என்று கேட்டால், அவர் செவியைப் பற்றி ஐயுறாமல் தொகையைச் சொல்லிவிடுவது நல்லது.